சுங்கச்சாவடிக் குத்தகையும் நம் கடைச் சரக்கும்



நம் மாநிலத்தில் ஆண்டுக்கு இருமுறை, சில சாவடிகளில் ஏப்ரல் முதல் தேதியும் மற்றவற்றில் செப்டம்பர் முதல் தேதியும், சுங்கக் கட்டணம் உயர்கிறது. செய்தி வந்ததும் நம் சங்கங்கள் கண்டனத் தீர்மானம் போடுகின்றன. 'சாவடிகளை அகற்று' என்கிறோம். அடுத்த வாரம் லாரி வாடகையில் புதுக் கட்டணம் ஏறி வருகிறது. பேசாமல் கொடுத்துவிட்டுச் சரக்கை இறக்கிக்கொள்கிறோம். மறு ஆண்டும் இதே கதைதான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் கொடுத்துவரும் இந்தப் பணம் எந்தக் கணக்கில் வாங்கப்படுகிறது, யாரிடம் போகிறது, எப்போது நிற்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கணக்குத் தெரியாமல் போடும் கூச்சல் அதிகாரிகள் காதில் ஏறுவதில்லை. ஆகவே இந்த விஷயத்தை நமக்குப் புரிந்த கணக்கு மொழியில் சொல்ல முயல்கிறோம்.

சந்தைக் குத்தகை போன்றதுதான்

வாரச் சந்தைக் குத்தகை நமக்குப் புதிதல்ல. பேரூராட்சி ஏலம் விடுகிறது. அதிகத் தொகைக்குக் கேட்டவர் எடுக்கிறார். அவர் ஒவ்வொரு கடைக்கும் மூட்டைக்கும் இவ்வளவு என்று வசூலித்துக்கொள்கிறார். மழை பெய்து சந்தை கூடாவிட்டால் நஷ்டம் அவருக்கு. தீபாவளி, பொங்கல் கூட்டத்தின் லாபமும் அவருக்கே. ஓர் ஆண்டு முடிந்ததும் மறு ஏலம். போன ஆண்டு வசூலைப் பார்த்து இந்த ஆண்டு ஏலத் தொகை கூடும் அல்லது குறையும்.

சாலைக் குத்தகையும் இதே சரக்குத்தான். ஆனால் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. முதலாவது, குத்தகை எடுப்பவர் தம் பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டு முதலில் சாலையைக் கட்ட வேண்டும். இரண்டாவது, போட்ட முதல் திரும்பவேண்டும் என்பதால் குத்தகைக் காலம் 15, 20, 30 ஆண்டுகள் வரை போகிறது. அடுத்த தீபாவளிக்குச் சர்க்கரை விலை என்ன என்று சொல்லவே நமக்குத் துணிவில்லை. 20 ஆண்டு கழித்து ஒரு சாலையில் எத்தனை லாரி ஓடும் என்று இன்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

வந்த வழி

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் பணம் போட்டுச் சாலை கட்டிக் கட்டணம் வாங்குவதற்கு வழி செய்து 1995இல் அது திருத்தப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய நெடுஞ்சாலை ஆணையம் செயல்படத் தொடங்கியதும் அதே 1995இல்தான். பிறகு வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் வந்தது. 1999 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நான்குவழிச் சாலையும் சுங்கச்சாவடியும் நம் அன்றாடப் பேச்சில் நுழைந்தது அதன் பிறகே.

இன்று குத்தகை பல வகைப்படும். கட்டுபவரே வசூலித்து நட்டமோ லாபமோ தாமே ஏற்பது ஒரு வகை. வசூல் அரசுக்கு, கட்டியவருக்கு ஆண்டுதோறும் நிலையான தவணை என்பது இன்னொரு வகை. 2016இல் வந்த கலப்பு முறையில், கட்டும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு தந்துவிடுகிறது. மீதி 60 சதவீதத்தைச் சாலை முடிந்தபின் 15 ஆண்டுத் தவணையில் தருகிறது. அரசே கட்டி முடித்த சாலையின் வசூல் உரிமையை மொத்தத் தொகைக்கு ஏலம் விடுவது நான்காவது வகை. 2018இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் உள்ள ஒன்பது சாலைப் பகுதிகளின் வசூல் உரிமை 30 ஆண்டுக்கு 9,681 கோடி ரூபாய்க்கு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்திடம் போனது இவ்வகையில் முதலாவது. எந்த வகையானாலும் சாவடியில் காசு கொடுப்பது லாரிதான். லாரி கொடுத்ததைக் கொடுப்பது நாம். நாம் கொடுத்ததைக் கடைசியில் கொடுப்பது நம் வாடிக்கையாளர்.

கட்டணம் எப்படிப் போடப்படுகிறது?

2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளே இன்று பெரும்பாலான சாவடிகளுக்கு அடிப்படை. அதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு அந்தந்த ஒப்பந்தத்தில் உள்ள கணக்கு. 2007-08ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, நான்குவழிச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு, காருக்கு 65 காசு, சிறு சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 காசு, இரண்டு அச்சு லாரிக்கும் பேருந்துக்கும் 2 ரூபாய் 20 காசு, நான்கு முதல் ஆறு அச்சு வரையுள்ள பெரிய வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு என்று விதி வைத்தது.

இந்த அடிப்படை விகிதம் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும். வட்டிக்கு வட்டி கிடையாது, தனி வட்டி மாதிரி. அதாவது 100 ரூபாய் பத்து ஆண்டில் 130 ரூபாய். அதன்மேல் மொத்த விலைக் குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ அதில் 40 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டில் குறியீட்டெண் 50 சதவீதம் ஏறியதாக வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் என்பது 20 சதவீதம். 130 ரூபாய்க்கு 20 சதவீதம் 26 ரூபாய். ஆகக் கட்டணம் 156 ரூபாய். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். நம் பகுதிச் சாவடிக்கு நாமே போட்டுப் பார்க்கவேண்டும்.

சின்னக் கடைக்காரருக்குப் பெரிய பங்கு

இதே விதியை மூட்டைக் கணக்கில் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. அடிப்படை ஆண்டு விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் தூரம்.

இரண்டு டன் ஏற்றும் சிறு சரக்கு வண்டிக்குக் கட்டணம் 105 ரூபாய். கிலோவுக்கு ஐந்தே கால் காசு.

பத்து டன் ஏற்றும் இரண்டு அச்சு லாரிக்கு 220 ரூபாய். கிலோவுக்கு 2.2 காசு.

இருபது டன் ஏற்றும் நான்கு அச்சு லாரிக்கு 345 ரூபாய். கிலோவுக்கு ஒன்றே முக்கால் காசுக்கும் சற்றுக் குறைவு.

ஆக, சிறு வண்டியில் சரக்கெடுக்கும் மளிகைக் கடைக்காரர் பெரிய லாரியில் இறக்கும் மொத்த வியாபாரியைப் போல மூன்று மடங்கு சுங்கத்தைக் கிலோவுக்குக் கொடுக்கிறார். பாரவண்டி சாலையை அதிகம் தேய்க்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினால் இது இன்னும் விசித்திரம். பெரிய அங்காடிகள் தங்கள் கிடங்கிலிருந்து பெரிய வண்டியில் அனுப்புகின்றன. தெருமுனைக் கடைக்காரர் சிறு வண்டியில் அரை லோடு கொண்டுவந்து, காலி வண்டிக்கும் திரும்பும்போது சுங்கம் கட்டுகிறார். பருப்பிலும் எண்ணெயிலும் கிலோவுக்குச் சில காசு வித்தியாசத்தில் போட்டி நடக்கும் இந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

நல்ல சாலையால் நமக்கு லாபமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. முன்பு இரண்டு நாள் ஆன சரக்கு இன்று மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வந்து நிற்கிறது. டயர் தேய்வும் டீசலும் மிச்சம். சேதாரம் குறைவு. கையிருப்பைக் குறைத்து முதலைச் சுழலவிட முடிகிறது. இலவசச் சாலை என்று ஒன்று கிடையாது. சுங்கம் இல்லையென்றால் வரிப்பணத்திலிருந்து அரசு கொடுக்கவேண்டும். ஆகவே நம் கேள்வி 'ஏன் வாங்குகிறாய்' என்பது அல்ல. 'எவ்வளவு, எத்தனை காலம்' என்பதே.

வண்டி குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை

வளரும் நாட்டில் சாலைக் குத்தகையை நிர்வகிப்பது ஏன் கடினம் என்பதற்குச் சில உதாரணங்கள்.

முதலில் வண்டி குறைந்த கதை. 2011 வாக்கில் நம் நாட்டில் பொருளாதாரம் வேகமாக வளரும் என்ற நம்பிக்கையில் நிறுவனங்கள் போட்டிபோட்டு ஏலம் கேட்டன. ராஜஸ்தானில் கிஷன்கட் முதல் உதய்ப்பூர் வழியாக அகமதாபாத் வரை 555 கிலோமீட்டர் சாலைக்கு, ஆண்டுக்கு 636 கோடி ரூபாய் அரசுக்குக் கொடுப்பதாகவும், அதை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்துவதாகவும் ஒரு பெரிய நிறுவனம் எடுத்தது. வேலை தொடங்குவதற்குள்ளேயே விலகிக்கொண்டது. சாலை வருவது பல ஆண்டு தள்ளிப்போனது. வேறு பல குத்தகைதாரர்கள் ஒப்புக்கொண்ட தொகையைத் தள்ளிக் கட்ட அனுமதி கேட்டு வாங்கினார்கள். சந்தை ஏலத்தில் வீம்புக்குக் கேட்டுவிட்டுப் பிறகு பேரூராட்சி வாசலில் நிற்பவரை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

நமக்கு முன்பே மெக்சிகோ நாடு இதில் சூடுபட்டது. அங்கே 1989 முதல் 1994 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட சாலைக் குத்தகைகள் விடப்பட்டன. குறைந்த காலத்துக்குக் கேட்பவருக்கே குத்தகை என்று விதி. காலம் குறைந்தால் கட்டணம் ஏறத்தானே செய்யும்? கட்டணம் ஏறியதும் லாரிகள் பழைய சாலையிலேயே போயின. 1994 டிசம்பரில் அந்நாட்டு நாணயம் சரிந்ததும் கடன் கட்ட முடியவில்லை. 1997இல் அரசு 23 சாலைகளைக் கடனோடு திரும்ப எடுத்துக்கொண்டது. கடைசியில் சுமை மக்கள் தலையில்தான்.

இனி வண்டி கூடிய கதை. கோவையில் நீலாம்பூர் முதல் மதுக்கரை வரை சுமார் 28 கிலோமீட்டர் புறவழிச்சாலை, 1990களின் பிற்பகுதியில் தனியார் கட்டி வசூலிக்கும் முறையில் வந்தது. நம் மாநிலத்தில் இம்முறையில் வந்த முன்னோடிச் சாலைகளில் அதுவும் ஒன்று. அன்றைய வண்டிகளுக்கு இருவழிச் சாலை போதும். கோவை வளர்ந்தது. கேரளப் போக்குவரத்து பெருகியது. இருபுறமும் உள்ள நெடுஞ்சாலைகள் அகலமாயின. நடுவில் இந்தச் சாலை மட்டும் இருவழியாகவே நின்றது. விபத்துகள் நடந்தன, அகலப்படுத்தக் கோரிக்கைகள் எழுந்தன. ஆனால் குத்தகைக் காலம் பாக்கி இருந்தது. 2025 ஆகஸ்டில்தான் நெடுஞ்சாலை ஆணையம் சாலையை ஏற்றுக்கொண்டு, ஆறு சாவடிகளில் ஐந்தை மூடியது. ஊர் வளர்ந்தால் சாலையும் வளரவேண்டும் என்ற ஷரத்து தொடக்கத்திலேயே உறுதியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நம் வாசலிலேயே உள்ள பாடம்.

டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் பாலச் சாலையின் கதை இன்னும் முக்கியமானது. 1997இல் ஒப்பந்தம்; 2001இல் போக்குவரத்து தொடங்கியது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 20 சதவீத ஆதாயம் என்று ஒப்பந்தம். அந்த ஆண்டு வசூல் 20 சதவீதத்துக்குக் குறைந்தால், குறைந்த தொகை முதலோடு சேர்ந்துவிடும். மறு ஆண்டு அதற்கும் 20 சதவீதம். கந்துவட்டிக்காரர் பேரேட்டில்கூட இப்படி எழுத யோசிப்பார்கள். வண்டிகள் லட்சக்கணக்கில் ஓடியும் கணக்கில் பாக்கி வளர்ந்துகொண்டே போனது. குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூச்சல் போட்டு அல்ல, கணக்கைப் படித்து வென்றார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

நியாயமான வழி உண்டா?

உண்டு. சிலி நாட்டில் 1998இல் சாந்தியாகோவையும் வால்பரைசோவையும் இணைக்கும் சாலையை வேறு விதமாக ஏலம் விட்டார்கள். 'எத்தனை ஆண்டு' என்று கேட்கவில்லை. 'மொத்தம் எவ்வளவு வசூலானால் உமக்குப் போதும்' என்று கேட்டார்கள். குறைந்த தொகை சொன்னவருக்குச் சாலை. வண்டி அதிகம் ஓடினால் அந்தத் தொகை சீக்கிரம் சேர்ந்துவிடும். குத்தகை சீக்கிரம் முடியும். வண்டி குறைந்தால் காலம் நீளும். குத்தகைதாரர் மூழ்கவும் மாட்டார். அளவுக்கு மேல் கொழுக்கவும் மாட்டார்.

நம் நாட்டு மாதிரி ஒப்பந்தத்திலும் இதன் சாயல் உண்டு. எதிர்பார்த்த வண்டி எண்ணிக்கையை எழுதிவைத்து, உண்மை எண்ணிக்கை குறைந்தால் குத்தகைக் காலத்தை 20 சதவீதம் வரை கூட்டலாம். மிகுந்தால் 10 சதவீதம் வரை குறைக்கலாம். குறைந்தால் 20, கூடினால் 10 என்பதைக் கவனியுங்கள். தராசின் ஒரு தட்டு சற்றுத் தாழ்ந்தே இருக்கிறது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று ஓசையில்லாமல் நடந்தது. 2008 விதியில், போட்ட முதல் வசூலான பிறகு கட்டணம் 40 சதவீதமாகக் குறையவேண்டும் என்று இருந்தது. அதாவது 100 ரூபாய் கொடுத்த இடத்தில் 40 ரூபாய். பராமரிப்புக்கு அது போதும் என்பது எண்ணம். 2023 அக்டோபரில் விதி திருத்தப்பட்டு அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. குத்தகை முடிந்த பின்னும் அரசே முழுக் கட்டணத்தையும் வாங்கிவரலாம். புதுச் சாலைகள் போட அந்தப் பணம் வேண்டும் என்பது அரசின் வாதம். ஆனால் கடனை அடைத்தவனிடம் தவணை கேட்பது எந்தப் பேரேட்டில் நியாயம்? வண்டிகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. ஆகவே வசூலும் பெருகுகிறது. அந்த வளர்ச்சியின் ஆதாயத்தில், காசு கொடுத்தவனுக்கும் ஒரு பங்கு வரவேண்டும். நம் சங்கங்கள் தீர்மானம் போடுவதானால் இந்த ஒன்றுக்குப் போடவேண்டும் என்பது நம் கருத்து.

விதி நம் பக்கம் இருந்தும் கவனிக்காமல் விட்டதும் உண்டு. குறித்த நாளில் விரிவாக்க வேலை முடியாவிட்டால் தாமதமான காலத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2013இல் விதி வந்தது. தென்மாநிலங்களில் ஐந்து சாவடிகளில் இதை மீறி 132 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாக மத்தியத் தணிக்கைத் துறை 2023இல் அறிக்கை கொடுத்தது. அந்த ஐந்தில் செங்கல்பட்டு அருகே உள்ள பரனூரும் ஒன்று. அத்தனை காலமும் அவ்வழியே போன சரக்கு வண்டிகள் பேசாமல் கொடுத்துக்கொண்டே இருந்தன.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று. பாஸ்டேக்கில் இருப்பு இருக்கிறதா என்று ஓட்டுநர் புறப்படுமுன் பாருங்கள். 2025 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த விதி, பாஸ்டேக் இல்லாமலோ செல்லாமலோ போனால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐ மூலம் கட்டினால் ஒன்றே கால் மடங்கு என்று வைத்தது.

இரண்டு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரைக் கட்டணம்தான். சொந்த வண்டி வைத்திருப்போர் சரக்கெடுக்கும் நேரத்தை இதற்கேற்ப அமைக்கலாம்.

மூன்று. ஒரே சாவடியை அடிக்கடி கடப்பவர்களுக்கு மாதச் சீட்டு உண்டு. ஐம்பது நடைக்கு, ஐம்பது தனிக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முப்பத்து நாலு நடைக்கு மேல் போனாலே லாபம். சாவடி உள்ள மாவட்டத்திலேயே பதிவான, தேசிய அனுமதி இல்லாத சரக்கு வண்டிக்குப் பாதிக் கட்டணம் என்ற சலுகையையும் கேட்டுப் பெறுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 3,000 ரூபாய் ஆண்டுச் சீட்டு சொந்தக் கார்களுக்கு மட்டுமே. சரக்கு வண்டிக்குக் கிடையாது.

நான்கு. லாரி வாடகையில் சுங்கத்தைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள். வாடகைக்குள் ஒருமுறையும் 'டோல்' என்று இன்னொருமுறையும் கொடுக்கக் கூடாது.

ஐந்து. பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே லாரியில் சரக்கெடுங்கள். மேலே சொன்ன கணக்கில், சிறு வண்டியை விட்டுப் பத்து டன் லாரிக்கு மாறினாலே கிலோவுக்கு வரும் சுங்கம் பாதிக்கும் கீழே போகிறது. எந்த மனுவுக்கும் காத்திராமல் நாளைக்கே செய்யக்கூடியது இது.

ஆறு. ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பகுதிச் சாவடியின் நான்கு விவரங்களை எழுதி வைத்திருக்கவேண்டும்: சாலைக்கு ஆன முதல் எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு, குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது, அடுத்த விரிவாக்கம் எப்போது. நெடுஞ்சாலை ஆணையம் சாவடிவாரியாக இவற்றில் பலவற்றை இணையத்தில் வெளியிடுகிறது. கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணியில் எடுத்துத் தருவார்கள்.

நம் கடையில் ஒரு வாடிக்கையாளர் பழைய பாக்கியைக் கேட்டால் பேரேட்டைத் திறந்து காட்டுகிறோம். காட்டாவிட்டால் அவர் மறு கடைக்குப் போய்விடுவார். நமக்கோ மறு சாலை கிடையாது. ஆகவே பேரேட்டைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இரட்டிப்பாக உண்டு. வரும் ஏப்ரலில் கட்டணம் ஏறும்போது, கண்டனத் தீர்மானத்தோடு இந்த நான்கு விவரங்களையும் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் போவோம். கணக்கோடு வருபவனை யாரும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.